கோட்டைச்சாமிக்கு மந்திரம் தராமல் போன மைதீன்

நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

மைதீன் போய்விட்டான். குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற வழியில் பழக்கடையும் சிப்ஸ் கடையும் வைத்திருந்த நம்ம மைதீன்... நேற்று விடிகாலையில் நெஞ்சுவலி, சாயங்காலம் தென்காசியில் அடக்கம்.

போன மாதம் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு “கேஸ்தான் அண்ணாச்சி” என்றபோதே, “ஏலே, இது கேஸ் இல்லலே, ஹார்ட்டு” என்று முகத்தைப் பார்த்தே சொன்னவன் நான். படித்த டாக்டர்களே பிறகு என்னிடம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விசாரித்தார்கள்.

ஆனால் அவன் எனக்கு இப்படி ஒரு துரோகம் செய்வான் என்பது... சரி, அதையும் கொஞ்சம் ஊகித்தே வைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துபாயில் வேலை பார்த்தபோது ரூம்மேட்டிடம் மைதீன் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்தான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். வெட்டு விழுமா, தப்புமா என்பதைப் பகடை சொல்லும்.

சீசன் முடிந்து, பங்குனி வெயிலில் அருவி நூலாக ஒழுகும்போது கடைக்கு யார் வரப்போகிறார்கள்? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பாதி ஷட்டரை இறக்குவான். ரம்புட்டான் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் அதுதான் மேசை.

என் ஆள் பெயர் கோட்டைச்சாமி. போர்வீரன். ஐந்தருவிக்கு மேலே குடியிருந்த ஐந்து தலை நாகத்தை ஒரே வீச்சில் முடித்தவன். வெட்டுப்பட்ட தலை செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் உருண்டது... மைதீனே எழுந்து நின்று கை தட்டினான்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீரனாக இருந்துகொண்டே மந்திரவாதியாகவும் இருக்க வேண்டும். ஒரு கையில் அரிவாள், மறு கையில் நெருப்பு. இதற்கு மல்டிகிளாஸ் என்று பெயர். ரூல் புத்தகத்தில் அளந்து அளந்துதான் தருவார்கள். எனக்கு இரண்டும் முழுசாக வேண்டும், முதல் நாளிலிருந்தே வேண்டும். அதற்குத்தானே ஆடுகிறவர்களே வைத்துக்கொள்கிற ஹவுஸ் ரூல் என்று ஒன்று இருக்கிறது?

“முடியாது அண்ணாச்சி. நம்ம டேபிள்ல ஒரு ஆளுக்கு ஒரு தொழில்தான்.”

“ஏலே, நீ சீசன்ல பழம் விக்க, சீசன் முடிஞ்சா பழைய கார் வாங்கி விக்க. நான் பெயிண்ட் கடை, இன்சூரன்ஸ் ஏஜென்ட், கோயில் கமிட்டி. இந்த ஊர்ல ஒரு தொழில் பாக்கவன் ஒருத்தனக் காட்டு பாப்போம்!”

“அதான் ஒண்ணும் உருப்பட மாட்டேங்கு” என்றான். எங்களோடு விளையாடுகிற ஆட்டோ ஆறுமுகம் சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

வருஷக்கணக்காகக் கேட்டேன். ஒரு தரம் கோபத்தில் பகடையைத் தூக்கி ரோட்டில் எறிந்தேன். அவன் போய்ப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, என் கையிலேயே கொடுத்தான். “உங்க முறைதான், உருட்டுங்க.”

சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம், மைதீன் நேர்மையானவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்...

நேற்று அவன் வீட்டு வாசலில் நிற்கிறேன். செங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஷீபா என்ற பெண் வந்தார். அதற்கு முன் பார்த்ததே இல்லை.

“அண்ணாச்சி, நீங்கதானே கோட்டைச்சாமி?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆமாம்மா. உனக்கு எப்படித் தெரியும்?”

“மைதீன் அண்ணன் எப்பவும் உங்க கதைதான் சொல்லும். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுலதானே அண்ணன் டேபிள் போடும். நான் பூசாரியும் திருடியும்... ரெண்டும் சேத்து.”

ரெண்டும் சேத்து!

எனக்குத் தெரியாமல் செங்கோட்டையில் இன்னொரு டேபிள். அங்கே பூசாரி திருடுவாள், மந்திரவாதி வாள் வீசுவான், யாருக்கும் எதுவும் தடை இல்லை. இங்கே நான் அரிவாளை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“எனக்கு மட்டும் ஏன் தரலையாம்?” என்று கேட்டேன். மையத்து வீட்டில் கேட்கிற கேள்வியா அது? கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண் தயங்கினார். “ஒத்தத் தொழில் இருக்கும்போதே கோட்டைச்சாமி யாரையும் வாயத் தொறக்க விடமாட்டாரு, ரெண்டு குடுத்தா மத்தவங்க டீ குடிக்கத்தான் வரணும்னு... அண்ணன் சிரிச்சிட்டுத்தான் சொல்லும்.”

என் பக்கத்தில் நின்ற ஆறுமுகம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு முகம் எரிந்தது. நானும் விடவில்லை. “அதெல்லாம் பழைய கதைம்மா. போன வெள்ளிக்கிழமை என் கையப் பிடிச்சு, ‘அண்ணாச்சி, அடுத்த ஆட்டத்துல உங்க ஆளுக்கு மந்திரம் தாரேன்’னு வாக்குக் குடுத்தான். இவன்தான் சாட்சி” என்று ஆறுமுகத்தைக் காட்டினேன். அவன் எங்கோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

ஷீபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அப்படின்னா அது அண்ணனோட கடைசி வாக்கு. நீங்க எங்க டேபிளுக்கு வரணும். அண்ணன் சொன்னத நாங்க தாரோம்.”

ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அவன் செத்ததற்கா, செங்கோட்டைக்கா... பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டான்.

போய் வா மைதீன். உன் மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஷீபா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அரிவாள் மட்டும் போதும்.

மைதீன் அப்படி ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமையும் முடியாது என்றுதான் சொன்னான்.