முன்பு வளர்த்த நாய்

கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. அவளுக்கு நாய் வேண்டும், எனக்கு வேண்டாம். ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் பிறந்த வீட்டில் எப்போதும் ஒரு நாயாவது காலைச் சுற்றிக்கொண்டிருக்கும். கடலூரில் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில் அவளைச் சுற்ற நான் மட்டும்தான் இருந்தேன். முடி கொட்டும், ஊருக்குப் போக முடியாது, வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்று மூன்று வருஷம் தட்டிக்கழித்தேன். 2010இல் அவளே வீட்டுக்காரரிடம் போய்ச் சம்மதம் வாங்கி வந்துவிட்டாள். அதற்கு மேல் என்னிடம் சாக்கு எதுவும் இல்லை.

நெல்லிக்குப்பம் சாலையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நாய்க் காப்பகம் நடத்திவந்தார். காப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய மாட்டுக்கொட்டகை, சுற்றிலும் கம்பிவலை, உள்ளே முப்பது நாய்கள் இருக்கும். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளை அதட்டிய குரல் அப்படியே இருந்தது. இப்போது நாய் கேட்டு வருகிறவர்களை அதட்டினார். எங்களுக்கு முன்னால் வந்தவர் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்றார். நல்ல பூட்டாக வாங்கி மாட்டுங்கள் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

என் மனைவி கொட்டகைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மேலே விழுந்து புரண்ட குட்டிகளை விட்டுவிட்டு, மூலையில் கிடந்த காது கிழிந்த பழுப்பு நிறப் பெட்டை நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் கழித்து அது எழுந்து வந்து அவள் மடியில் மோவாயை வைத்தது. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ளக்கூட அவள் அவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கவில்லை.

சிஸ்டர் ஆளுக்கொரு தாளை நீட்டினார். கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது. வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லோரும் தனித்தனியாக நிரப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். கடைசிக் கேள்வி: இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா, அது என்ன ஆயிற்று? நான் 'ஆம், இறந்துவிட்டது' என்று எழுதினேன். எட்டிப் பார்த்த மனைவி, சொல்லவே இல்லையே என்றாள். காலேஜ் படிக்கும்போது என்றேன். அந்தத் துக்கத்தில்தான் இத்தனை நாள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன் என்று அவளாகவே முடிவுகட்டி என் தோளைத் தடவிக்கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டைப் பார்க்காமல் சிஸ்டர் நாயைக் கொடுக்க மாட்டார். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குப் பெண் பார்க்க வருகிற ஏற்பாடு நடந்தது. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, கூடத்தில் புது விரிப்பு, எனக்கு இஸ்திரி போட்ட சட்டை. வந்தவர் கேசரியைத் தொடவில்லை. கேட்டுக்குக் கீழே எவ்வளவு சந்து இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். மொட்டைமாடிச் சுவரின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தார். வீட்டுக்காரரைத் தனியாக விசாரித்தார். பிறகு உட்கார்ந்து எங்கள் தாள்களை எடுத்தார்.

மனைவி எழுதியிருந்த ஒவ்வொரு நாய்க்கும், எப்படிச் செத்தது, எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார். அவள் தடுமாறவே இல்லை. ஒன்று கிணற்றடியில், ஒன்று முருங்கைக்குப் பக்கத்தில், ஒன்று வைக்கோல்போருக்குப் பின்னால். பிறகு என் தாளை எடுத்தார். எப்படி என்றார். லாரியில் அடிபட்டது என்றேன்.

"எங்க பொதச்சீங்க?"

பொய் சொல்லப் புறப்பட்டவனுக்கு, இவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தும், ஓர் இடத்தை யோசித்து வைக்கத் தோன்றவில்லை. சிஸ்டர் பேனாவை மூடினார். மனைவி என்னைப் பார்த்தாள். காது கிழிந்த நாய் கைநழுவிப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் நாங்கள் நாலு பேர் ஓர் அறையில் இருந்தோம். இரண்டாம் வருஷம் ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வளர்த்தோம். 2004இல் கடைசிப் பரீட்சை. நாலு பேரும் நாலு டிபார்ட்மென்ட், ஆளுக்கொரு நாளில் பரீட்சை முடிந்தது. முதலில் கிளம்பியவன், மச்சான் நீங்க பாத்துக்குங்க என்றான். அடுத்தவனும் அதையே சொன்னான். கடைசியாக மிஞ்சியவன் நான். கம்மாபுரத்தில் எங்கள் வீட்டில் நாயைச் சேர்க்க மாட்டார்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. விட்டால் பஸ் பின்னாலேயே ஓடிவரும். அதனால் பழைய லுங்கியைக் கிழித்து, லாட்ஜுக்கு எதிரே டீக்கடையோரக் கம்பத்தில் கட்டினேன். பஸ் போனதும் அவிழ்த்துவிடச் சொல்லி டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்கு ஆட்டினாரா, டீ கேட்டவருக்கு ஆட்டினாரா தெரியாது. போய்ப் பார்க்கவும் இல்லை. ஆறு வருஷத்தில் சிதம்பரம் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அந்தத் தெருவுக்கு மட்டும் போனதில்லை.

சிஸ்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "அந்த டீக்கடைக்காரர கேட்டுட்டு வாங்க. அப்பறம் நாயப் பத்திப் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனோம். புதுச்சத்திரம் தாண்டியதும் ரோடு மோசம் என்று ஏதோ சொன்னேன். அவள் என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். லாட்ஜுகள் காலியாகிக்கொண்டிருந்த மே மாதம். டீக்கடை அதே இடத்தில் இருந்தது, கடைக்காரருக்குத்தான் நரைத்திருந்தது. வருஷம், நாயின் நிறம், லுங்கித் துணி எல்லாம் சொன்னேன். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீங்க எந்த நாயத் தம்பி சொல்றீங்க? பரிச்ச முடிஞ்சா வருசா வருசம் யாராச்சும் கட்டிட்டுத்தான் போறாங்க. எல்லாத்தையும் நான்தான் அவுத்து வுடறேன்."

அப்பாடா என்றிருந்தது. அவர் கடைக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். "தோ, காலையில ஒண்ணு கட்டிட்டுப் போனாங்க. இன்னைக்கி யாவாரம் ஜாஸ்தி, மறந்தே போயிட்டேன்."

அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். அதே கம்பத்தில், வெள்ளையில் கறுப்புத் திட்டுப் போட்ட ஏழெட்டு மாதக் குட்டி. துண்டால் கட்டியிருந்தார்கள். பஸ் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. இழுத்து இழுத்து முடிச்சு இறுகியிருந்ததால் என் விரலுக்கு அவிழவில்லை. இவ்வளவு காலமும் எனக்கு மட்டும் தெரிந்த பாவம் என்று நான் சுமந்தது இந்தத் தெருவில் வருஷாந்திர வழக்கமாக இருந்தது. என் நாயும் இப்படி எத்தனை மணி நேரம் நின்றதோ. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மனைவி கடையிலிருந்து கத்தி வாங்கி வந்து துண்டை அறுத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் காட்டினாள். பிறகு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

நேராகக் காப்பகத்துக்குப் போனோம். சிஸ்டர் நோட்டைத் திறந்து, எங்கே கிடைத்தது, யார் விட்டுப்போனது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"இவர மாதிரி ஒருத்தரு" என்றாள் என் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை, விலாசம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

சிஸ்டர் உள்ளே போய், காது கிழிந்த நாயைக் கூட்டிவந்து அவள் கையில் கயிற்றைக் கொடுத்தார். என் கையிலிருந்த குட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். கொடுத்திருந்தால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். மறுபடியும் ஒரு நாயை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு. இதையும் நானே வளர்க்கிறேன் என்றேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கேயாவது கொண்டுபோய் விட மாட்டீர்களே, உங்கள் பேரில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் மனைவி சொன்னாள்: "அவரு பேர்ல வாணாம் சிஸ்டர். ரெண்டையும் என் பேர்லயே எழுதிக்குங்க."

சிஸ்டர் அப்படியே எழுதிக்கொண்டார். என் பேரையும் சேர்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.