ஈரல் கெட்டால் குடிகாரன்

எனக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம். இன்று ஈரல் பரிசோதனையில் அளவுகள் கூடியிருக்கின்றன.

"மருந்தாலயும் கூடும், திரும்ப எடுத்துப் பாப்பம்" என்றார் டொக்டர். மின்சார மீட்டர் பிழையாகக் காட்டினால் நானும் அதைத்தான் சொல்வேன். என் தொழில் அது. ஆனாலும் ரிப்போட்டைத் திரும்பத் திரும்ப விரித்துப் பார்த்தேன்.

ஊர்காவற்றுறை பஸ்ஸில் பக்கத்திலிருந்த அண்ணை ரிப்போட்டை எட்டிப் பார்த்தார்.

"ஈரலோ? தம்பி, குடியை விடும். பிறகு கலியாணத்துக்குப் பொம்பிளையும் தரமாட்டினம்."

நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஆனால் புற்றுநோய் என்று சொன்னால், பின்னேரமே ஊர் திரண்டு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழும்.

"ஓம் அண்ணை, விடுறன்."

"கெட்டிக்காரன்!" என்று தோளில் தட்டினார்.

குடிகாரனுக்கு விடுவதற்குக் குடியாவது இருக்கிறது. நான் எதை விடுவது? கெதியாகச் சொல்லுங்கள், திரும்ப இரத்தம் எடுக்கமுன் விட்டுவிடுகிறேன்.