மூன்று மாதம் என்று நான் படித்த தாள்

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாயாவில், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. ஒருநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிந்ததும், சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கும் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்பதை உரக்கப் படித்தேன். கடைசியில், 'பொது நன்மை கருதிக் காலத்தை நீட்டிக்கலாம்' என்றிருந்தது. தோட்டத்துத் தாள்களின் முடிவில் மரியாதைக்கு எழுதியிருக்கும் வரிகளை நாங்கள் படிப்பதில்லை. இதுவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். பால்வெட்டு முனியாண்டியும் இன்னும் பலரும் கைநாட்டு வைத்தார்கள்.

நான்காம் மாதம், முனியாண்டியின் மனைவி அஞ்சலையோடு ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். ஜப்பான் அதிகாரி தாளின் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"எது பொது நன்மை, துவான்?"

"நாங்கள் சொல்வது."

"எதுவரைக்கும்?"

"அதையும் நாங்கள்தான் சொல்வோம்."

அஞ்சலை என்னையே பார்த்தாள். "கிராணி ஐயா, இந்த வரிய அன்னைக்கு நீங்க படிக்கலையே?"

முனியாண்டி திரும்பவேயில்லை.

இப்போது கோயில் கமிட்டித் தாளானாலும், யாருக்கு நன்மை, எதுவரை, யார் முடிவு செய்வது என்று எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன். அதற்கும் முன்னால் அஞ்சலையிடம் முழுதும் படித்துக் காட்டுவேன். முடித்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்:

"ஒண்ணும் விடலையே, ஐயா?"