ஆற்றுத்தெருவுக்குப் போன ரேடியோக் குழாய்

போன வாரம் சாப்பிட்டுவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போது கைபேசி திடீரென்று அலறியது. காவிரியில் தண்ணீர் திறந்திருக்கிறார்களாம், கரையோரத்து மக்கள் மேட்டுக்குப் போகவேண்டுமாம். நான் இருப்பது ஆற்றுக்கு வெகு தொலைவில், சூரமங்கலத்தில், மூன்றாவது மாடியில். இங்கே வெள்ளம் வந்தால் அது குளியலறைக் குழாயை நான் மூட மறந்ததால்தான் வரும். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. ஈர வெற்றிலை வாசனையும் காவிரிச் செய்தியும் ஒன்றாக வந்தால் எனக்கு அப்படித்தான்.

எழுபதுகளின் பிற்பகுதி. நான் பி.யு.சி.யில் தோற்றதை ரயில்வே குடியிருப்பு மொத்தமும் துக்கம் விசாரித்து முடித்ததும், அப்பா என்னைப் பரமத்தி வேலூர் பக்கம் மாமா ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். மாமா அங்கே பஞ்சாயத்துத் தலைவர். பஞ்சாயத்து ரேடியோவைப் போட்டு அணைக்கும் உத்தியோகம் கொடுத்தார். மாலையில் அறையைத் திறந்து ஒரு குமிழைத் திருக வேண்டும், கூரை மேலிருக்கும் ஒலிபெருக்கிக் குழாய் ஊருக்குப் பேசும். அதற்கு மேல் என்னை நம்பி எதையும் கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். மின்சாரம் இல்லாத நாட்களில் அறை வாசலில் நின்று, செய்தி வாசிப்பவர் குரலில் நானே இட்டுக்கட்டி வாசிப்பேன். "தலைவர் வீட்டு எருமை இன்று அதிகாலை கன்று ஈன்றது. தாயும் சேயும் நலம்." ஊர் சிரிக்கும். அதன் பலன், பஸ் வராது என்று நான் நிஜமாகவே சொன்னாலும் போய்க் காத்து நின்றார்கள்.

அந்தக் குழாய் மேலத்தெருவைப் பார்த்து இருந்தது. ஆற்றுத்தெரு கீழே, தண்ணீரை ஒட்டி. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்களும் பரிசல்காரர் மாரப்பனும் இருந்த தெரு. நடுவில் அரிசி ஆலை. செய்தி நேரத்தில் அது போடும் சத்தத்தில் வானொலி என்ன, இடியே விழுந்தாலும் கீழே கேட்காது. முந்தின வருடம் மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தியை மேலத்தெரு வெற்றிலை மென்றபடி கேட்டது. ஆற்றுத்தெருவுக்குத் தண்ணீரே வந்து சொன்னது. மாரப்பனின் மனைவி பாப்பாயி கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் ஏறி வந்தாள். ஆடுகள் வரவில்லை.

இந்த வருடமும் குடகில் மழை என்று பேச்சு வந்ததும் பாப்பாயி நேராக மாமா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க சாமி, அந்தக் கொழாய எங்க பக்கம் மாத்திக் குடுங்க. உங்களுக்கெல்லாம் ரேடியோ சொல்லுது. எங்களுக்கு மட்டும் ஆறு சொல்லிப்போட்டு வருமுங்களா?"

"பஞ்சாயத்துல காசு இல்லியாத்தா. கேக்கறவங்க கம்பமும் ஒயரும் கொண்டாந்தா மாத்திக்கலாம்" என்றார் மாமா. கொண்டுவர மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

என்னைப் பார்த்து, "மாப்ளே, நீ வேணா வசூலுக்குப் போ, உனக்கும் பொழுது போகோணும்ல" என்றார்.

போனேன். ஆற்றுத்தெருவில் காசு இல்லை, வெற்றிலை இருந்தது. அந்த ஊரில் கிள்ளப் போகிறவர்களுக்குக் கூலியோடு ஒரு கவுளி, அதாவது நூறு வெற்றிலை, உண்டு. வீட்டுக்கு வீடு அன்றைய கவுளியை என் கூடையில் போட்டார்கள். உலகத்தில் எந்த நன்கொடையும் பொழுது சாய்வதற்குள் மஞ்சளாகிப் போகும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தி, குழந்தையைப் போல மடியில் வைத்து வேலூர்ச் சந்தைக்குப் பஸ்ஸில் போனேன். அங்கே பார்த்தால் மலை மலையாக வெற்றிலை. வெள்ளப் பேச்சைக் கேட்டு, கொடிக்கால் வைத்திருந்தவர்களெல்லாம் முன்கூட்டியே கிள்ளிக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். என் கூடையைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. எந்த வெள்ளத்தைக் கேட்பதற்காக வசூலித்தேனோ அது வருவதற்கு முன்பே என் வசூலை அடித்துக்கொண்டு போயிருந்தது.

வெயில் ஏற ஏறச் சாக்கை நனைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். அழுகை வரும்போலிருந்தது. கடைசியில் ஒரு மின்சாமான் கடையில் மாவிலைத் தோரணம் கண்ணில் பட்டது. முதலாளி மகளுக்கு மறுநாள் கல்யாணம்.

"தாம்பூலத்துக்கு வெத்தலை வாங்கிட்டீங்களா?"

"வாங்கோணும். ஏன், நீ யாரு?"

"ரேடியோ ஆபரேட்டருங்க."

"ரேடியோக்காரனுக்கு வெத்தலைக் கூடை எதுக்குடா?"

நான் சொல்லி முடித்ததும் அவர் கூடையை உள்ளே அனுப்பினார். ஒரு சுருள் ஒயரை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டார்.

கம்பத்துக்கு, பரிசல் கட்ட வைத்திருந்த மூங்கிலை மாரப்பன் கொடுத்தார். மறுநாள் மதியத்துக்குள் குழாய் ஆற்றுத்தெருவுக்கு வந்துவிட்டது. மேலத்தெருவில், "பாட்டுக் கேக்கலியேடா, உங்கப்பனூட்டுக் கொழாயா?" என்று திட்டினார்கள்.

அன்று மாலை வேலை முடிந்து வந்தவர்களெல்லாம் மூங்கிலடியில் நின்றார்கள். மாநிலச் செய்தி. "மேட்டூர் அணையிலிருந்து..." என்றது குழாய். மின்சாரம் போய்விட்டது.

எவ்வளவு? எப்போது? பாசனத்துக்கா, வெள்ளமா? ஆளுக்கொன்று பேசினார்கள். நான் ரேடியோ அறையிலிருந்து ஓடி வந்து, மிச்சச் செய்தி எனக்கும் தெரியாமலே, "வெள்ளந்தானுங்க, கெளம்புங்க!" என்று கத்தினேன்.

"எருமை கன்னு போட்டுதுங்களா சாமி?" என்றார் ஒருவர்.

சிரித்தார்கள். கொடிக்காலுக்குள் இன்னும் பாதிப் பேர் இருந்தார்கள், மாரப்பன் பரிசலோடு ஆற்றின் நடுவில். பாப்பாயி சிரிக்கவில்லை. அரிவாளை எடுத்து மூங்கிலைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தாள்.

"சாய்ங்கடா இத! ஏனுங்க சாமி, அந்த ரேடியோக் கொரல்ல சொல்லுங்க. உங்க கொரல்ல வேண்டாம்!"

குழாயின் பின்னாலிருக்கும், சத்தம் போடும் உருண்டையைக் கழற்றினால் மிச்சம் வெறும் தகரப் புனல். அதன் குறுகிய முனையில் என் வாயை வைத்து, ஆற்றைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். "...பெருமளவு உபரிநீர் திறந்துவிடப்பட்டுள்ளது. கரையோர மக்கள் உடனடியாக மேடான பகுதிகளுக்குச் செல்லுமாறு..." தொண்டை கிழியும்வரை அதையே திரும்பத் திரும்ப. கொடிக்காலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பரிசல் திரும்பியது. நான் சொன்னதை அந்த ஊர் நம்பியது அந்த ஒரு தடவைதான், அதுவும் நான் சொல்லவில்லை என்று நினைத்ததால்.

விடிவதற்குள் தண்ணீர் வந்தது. எந்தப் பொய்யனும் வாழ்க்கையில் இத்தனை பயத்தோடு தண்ணீருக்காகக் காத்திருந்திருக்க மாட்டான். தெருவில் கூரைகூட மிஞ்சவில்லை. ஆட்கள் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள், ஆடுகளும். குழாயை மட்டும் தூக்க மறந்துவிட்டோம். ஆற்றோடு போன அதற்கு நான்தான் பொறுப்பு என்று மாமா என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்தத் தெருக்காரர்களுக்கு அப்புறம் மேட்டில் மனை கொடுத்தார்கள். போன வருடம் போய்ப் பார்த்தேன். மூங்கில் நட்ட இடம் எதுவென்று தெரியவில்லை. மணல் அள்ளி அள்ளி ஆறே உள்ளே வந்துவிட்டது. பாப்பாயியும் இப்போது இல்லை.

கைபேசி மறுபடி அலறுகிறது. இப்போதெல்லாம் ஆறு எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது, மூன்றாவது மாடிக்குக்கூட. அன்று வாசலில் வந்து கேட்டவளிடம் போய் இதைச் சொல்லத்தான் வழியில்லை.