தேவகுமாரியின் மஞ்சள் கட்டங்கள்

2007 ஜூன் இரண்டாவது வாரத்தில், கொடைக்கானல் ஏழு ரோட்டுக்கு அருகே ஒரு மாடி அறையின் சுவரில் நாலடி உயரத்துக்கு வரைபடத் தாள் ஒன்று ஏறியது. ஒட்டியவர் தேவகுமாரி. வயது முப்பது. அந்த அலுவலகத்தில் தட்டச்சு, தபால், உறுப்பினர்களுக்குப் பதில் எழுதுவது என்று எல்லாவற்றையும் பார்ப்பவர். தாளை ஒட்டி முடித்ததும் கூடவே வேலை பார்க்கும் பிரதீப் எட்டி நின்று பார்த்தான்.

"என்னக்கா இது, வில்பட்டி பஸ் டைமிங்கா?"

"உன் சம்பளம்டா" என்றார் தேவகுமாரி. அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

அலுவலகம் நடத்தியது ஒரு இணையதளம். பெயர் 'மலைத் தோட்டம்'. குளிர்ப் பிரதேசச் செடிகளை வீட்டில் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு மாதம் இரண்டு பாடம் இணையத்தில், ஒரு விதை உறை தபாலில். வருடச் சந்தா ஆயிரத்து இருநூறு ரூபாய், அதாவது மாதத்துக்கு நூறு. சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் மொட்டை மாடிக்காரர்கள்தான் பெரும்பாலும் உறுப்பினர்கள். 2003 மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் ஒரு கடை போட்டு, பத்தே நாளில் அறுநூறு பேரைச் சேர்த்தார்கள்.

உரிமையாளர் ஞானவேலுக்கு ஏரிப் பக்கம் பதினாறு அறை லாட்ஜ் ஒன்று உண்டு, அப்பா காலத்தது. லாட்ஜ்காரருக்கு வருடம் என்பது ஏப்ரலும் மேயும்தான். அந்த இரண்டு மாதம் சம்பாதித்ததை வைத்து மீதிப் பத்து மாதத்தை ஓட்ட வேண்டும். இணையதளத்தையும் அவர் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் மே மாதம் எத்தனை சந்தா வந்தது என்று டைரியில் குறித்து வைத்தார். அறுநூறு, முந்நூற்று எண்பது, இருநூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பத்து. 2007 மேயில் நூற்று முப்பது. மற்ற மாதங்களில் ஒன்றும் இரண்டுமாக வந்த காசோலைகள் லாட்ஜ் கணக்கில் 'இதர வரவு' என்று விழுந்தன. அவற்றை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி ஞானவேல் அலுவலகத்தில் இருந்த நாலு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சீசனே கைவிட்டுவிட்டது, ஜூன் கடைசியோடு தளத்தை மூடிவிடலாம், அறையைச் சாக்லேட் கடைக்கு விடப்போகிறார், பதினைந்தாம் தேதி அட்வான்ஸோடு ஆள் வருகிறது. யார் மீதும் அவருக்குக் கோபமில்லை. வேறு வேலைக்குச் சொல்லி வைப்பதாகவும் சொன்னார்.

தேவகுமாரியின் வில்பட்டி வீட்டில் அவருடைய மாதச் சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு தனி இடம் இருந்தது. கணவர் பொன்னுவேல் ஜீப் ஓட்டுகிறார். மேயில் கை நிறையும், ஆகஸ்ட் மழையில் ஸ்டாண்டிலேயே வண்டி கிடக்கும். மாதாமாதம் தவறாமல் வருவது தேவகுமாரியின் சம்பளம் ஒன்றுதான். மகளின் பள்ளிக் கட்டணம் அதை நம்பித்தான்.

ஆனால் அவரை உறுத்தியது வேறொன்று. சந்தா ரசீதுகளை எழுதுவது அவர் கை. வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும் கைக்கு, ஆட்கள் போய்விட்டார்கள் என்ற பேச்சு பொருந்தவில்லை.

தேவகுமாரி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். ஆறு வயதில் பெற்றோரோடு கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தார். அப்பா வீரையா சவுக்கு வெட்டினார், அம்மா இராசாத்தி தோட்ட வேலைக்குப் போனார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, வத்தலக்குண்டுக்கு இறங்கி ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தார். அது வாழ்க்கைக் குறிப்பு. வேலைக்கு உதவியது வேறு: வீட்டில் அன்றாடம் புழங்கிய ஒரு சொல். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் செக்ரோல் என்ற பதிவேட்டில் அன்றைக்கு 'பேர் விழும்'. பாதி நாள் என்றால் அரைப்பேர். பேர் விழாத நாளுக்குச் சல்லி கிடையாது. முன்பணமாக வாங்கியிருந்தால் பேர் விழும்வரை அது கடன். செக்ரோலில் பேரை வெட்டிவிட்டால் வேலையோடு குடியிருக்கும் லயன் அறையும் போய்விடும். இராசாத்தி இன்றைக்கும் பால்காரர் வராத நாளை 'பேர் விழாத நாள்' என்றுதான் சொல்வார்.

மகள் அந்தச் செக்ரோலைத்தான் சுவரில் வரைந்தார்.

முதலில் கணினியில் முயன்றார். அறுநூறு வரிசை அந்தச் சின்னத் திரையில் அடங்கவில்லை. உருட்டி உருட்டிப் பார்ப்பதற்குள் மேலே இருந்தது மறந்துபோயிற்று. ஞானவேல் திரையைப் பார்க்கவும் மாட்டார். ஆகவே வரைபடத் தாள்களை வாங்கி ஒட்டினார். ஒரு உறுப்பினருக்கு இரண்டு மில்லிமீட்டரில் ஒரு வரிசை. ஒரு மாதத்துக்கு ஒரு கட்டம், 2003 மேயிலிருந்து 2008 ஏப்ரல் வரை. நாலு வருட ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய், இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் எல்லா மதிய இடைவேளையும் உட்கார்ந்தார். பணம் வந்து, பாடமும் அனுப்பியாயிற்று என்றால் பச்சை. பணம் வந்துவிட்டது, பாடம் இன்னும் போகவில்லை என்றால் மஞ்சள். பணமும் இல்லை, பாடமும் இல்லை என்றால் வெள்ளை.

மூன்று நிறத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாலாவதாகச் சிவப்பை எடுத்தபோது கை தயங்கியதாகப் பின்னால் சொன்னார். பணம் வராமலே பாடம் போன மாதங்கள் அவை. தவணை முடிந்த உறுப்பினருக்கு விதை உறையை நிறுத்த வேண்டியது தேவகுமாரியின் வேலை. அவர் நிறுத்தவில்லை. ஒரு ஆளின் பேரை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. எப்படியும் கட்டுவார் என்று ஒரு மாதம், இரண்டு மாதம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்களும் கட்டினார்கள். கட்டிய நாளிலிருந்து புது வருடம் தொடங்கியது. நடுவில் போனது இலவசம். இப்போது அதையெல்லாம் தானே சிவப்பில் தீட்டி, முதலாளி பார்க்கும் சுவரில் ஒட்ட வேண்டும். ஒட்டினார்.

பதினைந்தாம் தேதி காலை பத்தரைக்கு ஞானவேல் மாடியேறி வந்தார். பதினொரு மணிக்குச் சாக்லேட் கடைக்காரர் சின்னச்சாமி வருவதாகப் பேச்சு. சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

தாளின் இடது ஓரம் 2003 மேயில் மதில் போல நேராக இருந்தது. அடுத்த மேயில் அந்த மதில் கொஞ்சம் சரிந்தது. பிந்திக் கட்டியவர்கள் ஜூனுக்கும் ஜூலைக்கும் நகர்ந்திருந்தார்கள். அதற்கடுத்த வருடம் இன்னும் சரிவு. 2005 நவம்பரில் மலைப்பாதை சரிந்து, காசோலைகளோடு தபால் பை வத்தலக்குண்டிலேயே கிடந்த வாரங்கள்கூடச் சிவப்புத் திட்டாகத் தெரிந்தன. 2007க்கு வரும்போது, பூண்டி சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டம் போல, வரிசைகள் பன்னிரண்டு மாதத்துக்கும் பரவிக் கிடந்தன. இடையில் நின்றுபோய், அதன் பிறகு முழுக்க வெள்ளையான வரிசைகள் எண்பத்து நாலுதான்.

"ஆளுக போகல சார். தள்ளித் தள்ளிக் கட்டிக்கிட்டு இருக்காங்க" என்றார் தேவகுமாரி. "நீங்க மே மாசத்த மட்டும் எண்ணுறீங்க."

ஞானவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். "இதுல நம்ம காசு எங்கம்மா இருக்கு?"

"பச்சை மட்டுந்தான் சார்."

"அப்ப மஞ்ச?"

"கைல வாங்கிட்டோம். இன்னும் பேரு விழல."

அது அவருக்குப் புரியவில்லை. வாங்கிய காசு வாங்கியதுதான், சீசனில் வந்ததைப் பாக்கி என்று எவனாவது சொல்வானா என்று கேட்டார். குரலில் கொஞ்சம் எரிச்சல் ஏறியது. மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

தேவகுமாரி வேறு வழியில் போனார்.

"டிசம்பர் லீவுக்கு லாட்ஜுக்கு இப்பவே அட்வான்ஸ் அனுப்புறாங்கல்ல சார். அதுல நீங்க பெயிண்ட் அடிச்சிட்டு, டிசம்பர்ல வந்து நிக்கிறவங்கள வாசலோட அனுப்பிருவீங்களா?"

"எங்கப்பா காலத்துல இருந்து அப்படி ஒருத்தர அனுப்பினதில்லம்மா."

"இவங்களும் அட்வான்ஸ் கட்டிட்டு இன்னும் தங்காதவங்கதான். மூவாயிரத்து நூத்தி இருபது கட்டம் கெடக்கு. கட்டத்துக்கு நூறு ரூபா."

ஞானவேல் உட்கார்ந்தார். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். அந்தப் பணம் வெந்நீர்க் கருவிகளாகவும் கூரைத் தகடாகவும் லாட்ஜில் இருந்தது. தளத்தை மூடினால் அவ்வளவையும் திருப்பித் தர வேண்டும். மூடாமல் நடத்தினால்? அதையும் தேவகுமாரி தாளின் அடியில் எழுதியிருந்தார். மே மாதக் கடைசியில் நடப்புச் சந்தா உள்ளவர்கள் நானூற்று அறுபத்தெட்டு பேர். மாதத்துக்குப் பேர் விழும் காசு நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு. சம்பளம், மின்சாரம், தபால் எல்லாம் சேர்த்துச் செலவு முப்பத்தெட்டாயிரம். இனி மாதம் முப்பத்தைந்து பேராவது புதுப்பிப்பார்கள். அது செலவுக்குக் காணும்.

"மூடுறதுக்குத்தான் சார் பணம் வேணும். நடத்துறதுக்கு வேண்டாம்."

ஞானவேலின் விரல் சிவப்பில் போய் நின்றது.

"இது யாரு?"

"சும்மா தங்கினவங்க."

"உள்ள விட்டது யாரு?"

"நான்தான் சார். ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு கட்டம்."

ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய். அவர் சம்பளத்தில் இரண்டரை வருடத்துக்கு மேல். கீழே பஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. ஞானவேல் ஸ்கேலை எடுத்து, சிவப்பு விழுந்த வரிசைகளை ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். அநேகமாக ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னாலும் பச்சை வந்தது. கோயம்புத்தூர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூன்று முறையும் எழுபது நாள் பிந்தி, மூன்று முறையும் கட்டியிருந்தார்.

"ஓடிப்போனவங்கள விட, வந்து கட்டினவங்கதான் நெறைய" என்றார் ஸ்கேலைக் கீழே வைத்து. "ஆனா ரெண்டு மாசம் ரொம்பம்மா. பத்து நாள் குடு. அதுக்கு மேல உறைய நிறுத்திரு."

சின்னச்சாமி வந்தபோது செய்தித்தாளில் சுற்றிய ஐம்பதாயிரம் கையில் இருந்தது. ஞானவேல் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார், பணத்தைத் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு இடம் பார்த்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே தளத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு திறந்தார்கள். சந்தா அதில் விழும். ஒவ்வொரு மாதமும் பேர் விழுந்த அளவுக்குத்தான் ஞானவேல் எடுப்பார். லாட்ஜ் எடுத்த மூன்று லட்சத்தைத் தவணையாகத் திருப்பிப் போடவும் ஒப்புக்கொண்டார். பிந்திக் கட்டினாலும் பழைய தேதியிலிருந்தே வருடம் தொடங்கும் என்று மாற்றினார்கள். அதற்குச் சில உறுப்பினர்கள் காரமாகக் கடிதம் எழுதினார்கள். தேவகுமாரி எல்லோருக்கும் பதில் எழுதினார்.

மாதக் கடைசியில் ஜூன் பாடங்களும் உறைகளும் போய்ச் சேர்ந்த பிறகு, நீலப் பேனாவை எடுத்து ஜூன் மாதத்து மஞ்சள் கட்டங்களின் மேல் ஓட்டினார். மஞ்சள் பச்சையானது. பேர் விழுந்தது.

மீதி இருந்தது நாற்பத்தெட்டு வரிசை, தவணை முடிந்து கட்டாதவர்கள். எல்லோருக்கும் பத்து நாள் கெடு வைத்துக் கடிதம் போயிருந்தது. முப்பத்தொரு பேர் கட்டிவிட்டார்கள். பதினேழு பேரின் பேரை அன்றைக்கு வெட்ட வேண்டும். ஞானவேல் சொன்னது, தானே ஒப்புக்கொண்டது. தேவகுமாரி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரிசையின் குறுக்கேயும் கோடு இழுத்தார். ஒன்றையும் விடவில்லை. பதினேழும் பென்சில் கோடு. மேசை மேல் ரப்பரை எடுத்து வைத்துவிட்டு, வில்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.