ஆழம் மேடம்

"இயன்றவரை" என்ற சொல் வந்ததும் அவருடைய சிவப்புப் பென்சில் நின்றுவிடுகிறது. அதன்மேல் ஒரு கோடு. அடுத்த பத்தியில் "போதிய அளவு". அதன்மேலும் ஒரு கோடு. பக்கத்து மேஜையிலிருக்கும் உதவிப் பொறியாளர் தலையைக் குனிந்துகொள்கிறார். எழுதியது அவர்தான்.

"இயன்றவரைன்னா யாருக்கு இயன்றவரை? கான்ட்ராக்டருக்கு மழை பெஞ்சா இயலாது. டீசல் வெல ஏறினா இயலாது. எத்தன அடி தோண்டணும், எத்தன லாரி மண்ணு போகணும், எங்க போகணும், அத எழுதுங்க சார். வேண்டுதல் மாதிரி எழுதாதீங்க."

நகராட்சியின் திட்டப் பிரிவில் டெண்டர் ஆவணங்களை இவர் நின்றுகொண்டுதான் படிப்பார், அதுவும் உரக்க. செய்தி வாசிப்பவரைப் போல ஏற்ற இறக்கமில்லாத குரல். மூக்குக் கண்ணாடியின் கயிறு கழுத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். மேஜைக்கு அடியில் இரண்டு ஜோடி காலணிகள். ஒன்று அலுவலகத்துக்கு, இன்னொன்று களத்துக்கு. களத்துக் காலணி எப்போதும் பிளாஸ்டிக் பையில் இறுக முடிச்சுப் போட்டிருக்கும். அதை வீட்டு வாசலைத் தாண்ட விட்டதே இல்லை என்கிறார் கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். "என் பொண்டாட்டி கத்திரிக்கா வாங்கறதுக்கே டெண்டர் விடுவா. மூணு கடையில வெல கேக்காம முருங்கக்காயக்கூட தொடமாட்டா" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். இவர் மறுப்பதில்லை. "நாலு கடை" என்று திருத்துவார்.

அலுவலகத்தில் இவருக்கு வைத்த பெயர் 'ஆழம் மேடம்'. எந்த நிலத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆழம்?" என்பதுதான்.

கெட்டுப்போன நிலங்கள்தான் இவருடைய வேலை. எண்ணெய்க் கிடங்கு இருந்த இடம், சாயப்பட்டறை மூடிப்போன இடம், எதற்கென்றே தெரியாத பீப்பாய்கள் துருப்பிடித்துக் கிடந்த இடம். வரி கட்டாமல் விட்டுவிட்டுப் போனவர்களிடமிருந்து இவை நகராட்சியின் தலையில் வந்து விழுந்தவை. விஷத்தை எடுத்துவிட்டால் வீடு கட்டலாம், கடை கட்டலாம். எடுக்கத்தான் பணம் வேண்டும். கொஞ்சம் அரசு மானியம், கொஞ்சம் அங்கே கட்டடம் எழுப்பப் போகிற நிறுவனம், மிச்சம் நகராட்சி. "மூணு பேரு சேந்து ஒரு பீரோவத் தூக்கற மாதிரி. ஒருத்தர் கைய எடுத்தா மத்த ரெண்டு பேரு கால்ல விழும்" என்பார்.

எத்தனை நிலம் முடித்தாலும் "சுத்தமான நிலம்" என்று இவர் எந்தச் சான்றிதழிலும் எழுதியதில்லை. "வரம்புக்குக் கீழே உள்ளது" என்று மட்டும் எழுதுவார். அவரைப் பற்றி எழுதப் போயிருந்த நான், ஏன் என்று கேட்டேன்.

"சோதனைங்கறது அங்கங்க துளை போட்டுப் பாக்கறதுதான். துளை போட்ட எடத்துல மண்ணு என்ன சொல்லிச்சோ அத எழுதறேன். போடாத எடத்தப் பத்தி அது எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே."

அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். மீதியை மற்றவர்கள் சொல்லி, பிறகு அவரும் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

நகரத்தின் தாழ்வான பக்கத்தில் பேட்டரி ஆலை ஒன்று மூடிக் கிடந்தது. மண்ணில் ஈயம். குழந்தைகளின் உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையைத் தொடுகிற விஷம் அது. அந்த நிலத்தைத் தோண்டிச் சுத்தம் செய்து, வாடகை வீட்டில் அல்லாடும் குடும்பங்களுக்கு அடுக்குவீடுகள் கட்டித் தருவது திட்டம். வீடு யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இவருடைய சொந்தத் தம்பியின் பெயரும் வந்தது. பேருந்து ஓட்டுநர் அவர். குலுக்கல் நடந்த இடத்துக்கு இவர் வேண்டுமென்றே போகவில்லை.

ஒப்பந்தத்தை எழுதியது இவர். ஆய்வறிக்கை, விஷம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது என்றது. முதல் வரைவில் "ஒரு மீட்டர் ஆழம் அல்லது மாசு முடியும் வரை" என்று இருந்தது. "அல்லது"க்குப் பிறகு வந்ததை இவர்தான் அடித்தார். காரணம் இருந்தது. முடிவு தெரியாத வேலைக்கு எந்த ஒப்பந்ததாரரும் பயந்துபோய் இரண்டு மடங்கு கேட்பார், மானியம் தாங்காது. ஒரு மீட்டர் என்று உறுதியாக எழுதியதால்தான் வேலையே தொடங்கியது.

முக்கால் நிலம் சிக்கலின்றி முடிந்தது. கிழக்கு மூலையில் தோண்டும்போது இயந்திரத்தின் வாளி எதிலோ வழுக்கியது. ஒரு மீட்டருக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக உடைந்த பேட்டரி ஓடுகள், அடுக்கடுக்காக. ஆலை நடந்த காலத்தில் யாரோ பெரிய குழி வெட்டிப் புதைத்து, மேலே நல்ல மண்ணைப் பரப்பியிருந்தார்கள். ஆய்வுக்குப் போட்ட துளைகள் எல்லாம் அந்தக் குழியைச் சுற்றி விழுந்திருந்தன; ஒன்றுகூட உள்ளே விழவில்லை.

களத்தில் தகரக் கொட்டகைக்குள் கூட்டம் போட்டார்கள். ஒப்பந்ததாரர் கோபப்படவில்லை. அதுதான் தனக்குக் கஷ்டமாக இருந்தது என்கிறார் இவர்.

"மேடம், நான் ஓடிப் போறவன் இல்ல. ஆனா ஒரு மீட்டர்னு எழுதினது நீங்க. இந்த மண்ண எடுத்தா என் ஆளுங்களுக்கு வேற கவசம் வேணும், கொட்டறதுக்கு வேற எடம் வேணும். என் கையில இருந்து போட்டா நான் கடைய மூடிட்டு வீட்டுக்குப் போகணும்."

"தெரியும். நீங்க சொல்றதுல தப்பு இல்ல."

கட்டுமான நிறுவனத்தின் மேலாளருக்கு வழி தயாராக இருந்தது. "எதுக்கு மேடம் இவ்வளவு யோசனை? மேல நல்ல மண்ணு போட்டு கான்கிரீட் போட்டுடுவோம். கார் நிறுத்தற எடம்னு காட்டிடலாம். நிதியாண்டு முடியறதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போடலன்னா மானியமே திரும்பிப் போயிடும். அப்புறம் வீடே இல்ல."

"கான்கிரீட்டுல விரிசல் விட்டா யாரு வந்து பாப்பாங்க?"

"பராமரிப்பு இருக்கும் மேடம்."

"யாரு? பேரச் சொல்லுங்க."

மேலாளர் சிரித்து மழுப்பினார். "கான்கிரீட் மேலதான் மூடும். கீழ தண்ணி போய்ட்டுதான் இருக்கும். அடுத்த தெருவுல கிணறு இருக்கு" என்று சொல்லிவிட்டு இவர் எழுந்து வெளியே வந்தார். வேலை நின்றது.

செய்தி தம்பிக்கு எட்ட வெகுநேரம் ஆகவில்லை. மாலையில் சீருடையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"எங்க வீடு அந்த மூலையிலகூட இல்லக்கா. மேற்குப் பக்கம்."

"உன் பொண்ணு மேற்குப் பக்கத்துலயே விளையாடுமா? கிழக்க போகாதேன்னு கோடு போட்டு வெப்பியா?"

 தம்பி நிதானமாகக் கேட்டார். "இப்ப இருக்கற வீட்டுல செவுரு முழுக்கப் பூசணம். ராத்திரி பூரா அவ இருமறா. அதுக்கு எவ்வளவு வரம்புன்னு உங்க ஆபீஸ் புத்தகத்துல போட்டிருக்காக்கா? அதுக்குக் கீழ இருக்காளா, மேல இருக்காளா?"



அதற்குப் பிறகு இவர் செய்ததெல்லாம் அலைச்சல். நிலத்தை இரண்டாகப் பிரித்தார். முடிந்த முக்கால் பகுதிக்குத் தனிச் சான்றிதழ் எழுதி, மானியம் திரும்பிப் போகாமல் பிடித்துவைத்தார். கிழக்கு மூலைக்குத் தனி ஒப்பந்தம். அதற்குப் பணம் எங்கே? நகராட்சி தனக்கென்று ஒரு புதிய அலுவலகக் கட்டடம் கட்டுவதற்கு நிதி ஒதுக்கி வைத்திருந்தது. இவர் கை அங்கே போய் நின்றது.

அந்தக் கட்டடத்துக்காக ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போதைய கட்டடத்தில் மழை வெளியே பெய்வதற்கும் உள்ளே பெய்வதற்கும் வித்தியாசம் குறைவு. மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். ஒரு மீட்டர் என்று எழுதியது யார் என்று ஒருவர் கேட்டார். "நான்தான்" என்றார். அப்படியானால் உங்கள் தப்புக்கு நாங்கள் ஏன் நனைய வேண்டும் என்றார் அவர். இவர் பதில் சொன்ன விதத்தை அலுவலகத்தில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

"இங்க ஒழுகினா கீழ வாளி வெக்கலாம் சார். அங்க ஒழுகறதுக்கு எங்க வாளி வெக்கறது?"

தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. உடன் வேலை செய்பவர்கள் மன்னிக்கவில்லை. அடுத்த மழைக்கு ஒவ்வொருவராக வாளியைக் கொண்டுவந்து இவர் மேஜையைச் சுற்றி வைத்தார்கள். "மேடம், உங்க வாளி ரொம்பிடுச்சு" என்று குரல் கொடுப்பார்கள். இவரே எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வருவார். முதலில் அது கேலியாக இருந்தது. பிறகு வழக்கமாகிவிட்டது. இப்போது மற்றவர்களும் முறைவைத்துக் கொட்டுகிறார்கள்.

குழியைத் தோண்டி முடிப்பதற்குள் இன்னொரு மழைக்காலமும் போயிற்று. மேற்கே வீடுகள் எழும்பினாலும், பக்கத்தில் குழி திறந்து கிடந்ததால் அதுவரை எந்தக் குடும்பமும் குடியேற முடியவில்லை. தம்பி மகள் அந்தக் குளிரில் ஒரு முறை மருத்துவமனையில் கிடந்தாள். இவர் பழமும் பாலும் வாங்கிக்கொண்டு போனார். தம்பி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். படுக்கைக்கு அருகில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார்.  அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி, துடைப்பதற்கு ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார்.

"மூடியிருந்தாலும் தப்பாகியிருக்கும். மூடாததாலயும் ஒரு கொழந்த படுத்துடுச்சு. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சுப் பாக்க எனக்குத் தெரியலங்க. நான் என் கண்ணுக்கு முன்னாடி இருந்ததச் செஞ்சேன்."

அவர் எழுதும் ஒப்பந்தங்கள் இப்போது மாறியிருக்கின்றன. ஆழத்துக்கு அளவு போடுகிறார். அதற்குக் கீழே ஏதாவது கிடைத்தால் கனமீட்டருக்கு என்ன விலை என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிவிடுகிறார். அந்த வரியைப் படிக்கும்போது குரலில் ஒரு துளி அதிக அழுத்தம் இருக்கிறது. மற்றபடி பழைய செய்தி வாசிப்புதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுக்குவீடுகளுக்கு என்னையும் கூட்டிப் போனார். துணிகள் காய்ந்தன. படிக்கட்டில் யாரோ மிதிவண்டியைக் குறுக்கே நிறுத்தியதற்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழி இருந்த கிழக்கு மூலையில் புது மண் நிரப்பி, குடியிருப்பவர்கள் பாத்தி பிரித்துத் தோட்டம் போட்டிருந்தார்கள். தம்பி அங்கே வேலிக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் மனைவியிடம், "அவங்களுக்குத் தண்ணி குடு" என்றார். நேராகப் பேசுவதில்லை, ஆனால் முதுகைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

தம்பி மனைவி பாத்தியில் குனிந்து ஒரு முள்ளங்கியைப் பிடுங்கினார். வெள்ளையாக, விரல் தடிமனில், வேரெல்லாம் மண்.

"எங்க தோட்டத்துல மொதல் காய் அண்ணி. இருங்க, கழுவிக் கொண்டாறேன்."

"எனக்கு, எனக்கு" என்று சிறுமி ஓடிவந்து கையை நீட்டினாள். இருமல் முழுதும் போகவில்லை. ஓடிவந்ததில் இரண்டு முறை இருமினாள். தம்பியின் கை கம்பியில் நின்றது.

அக்கா, தம்பி மனைவியின் கையிலிருந்து முள்ளங்கியை வாங்கினார். குழந்தைக்கு எட்டாதபடி உயர்த்திப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தார். மண் முழுதும் போகவில்லை. அந்தப் பக்கத்தையே கடித்தார். அவசரப்படாமல் மென்றார். விழுங்கி முடித்த பிறகு மீதியைத் தண்ணீரில் நன்றாக அலசி, சிறுமியின் கையில் வைத்தார்.