ஒன்றாம் எண் கூடாரம்

எனக்குக் கோபம் வந்தால் பட்டியல் போடுவேன். கத்த வராது. மென்பொருள் சோதிக்கும் வேலையில் ஏழு வருடமாக ஊறிய பழக்கம்: தப்பு எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் செய்தால் அது மறுபடி வரும், யாருக்குப் பாதிப்பு. இந்தப் பழக்கமே ஒரு முறை என் அக்காவின் ஆசைக்குக் குறுக்கே வந்து நின்றது.

அபிராமபுரத்தில் ஒரு தரைத்தள வீட்டில் அம்மா, அக்கா, நான். அக்கா பதினெட்டு வயதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை வேளைகளில். எங்கே போகலாம் என்று பேச்செடுத்தாலும் அவளுடைய முதல் கேள்வி, வாசலில் எத்தனை படி என்பதுதான். கடைகளில் சாய்தளம் என்ற பெயரில் கட்டி வைத்திருப்பவற்றுக்கு அவள் வைத்த பெயர் சறுக்குமரம். தி. நகரில் ஒரு துணிக்கடையில் அப்படி ஒன்றின் உச்சியில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

அதனால், ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், மலையடிவாரத்து அரசுப் பூங்கா ஒன்றின் புகைப்படத்தை அவள் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மேடை கட்டி அதன்மேல் நிறுத்திய ஆறு கூடாரங்கள். ஐந்துக்குப் படிகள். ஒன்றாம் எண்ணுக்கு மட்டும் நீளமான சாய்தளம், அகலக் கதவு வைத்த கழிவறை.

"இந்த ரேம்ப்பப் பாருடி. எவனோ ஒழுங்கா அளந்து கட்டியிருக்கான். காம்பவுண்டு சுவர் இல்லாத எடத்துல ஒரே ஒரு ராத்திரி தூங்கணும்டி எனக்கு. புக் பண்ணு."

டியூஷன் இருப்பதால் சனிக்கிழமை இரவுதான் சரிப்படும். முப்பது நாளுக்கு முன்பு, காலை எட்டு மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். நான் ஏழு ஐம்பதுக்கே கணினி முன் உட்கார்ந்தேன். எட்டு மணி அடித்ததும் ஒன்றாம் எண் சிவப்பாக இருந்தது. யாரோ என்னை முந்திக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. திறக்கும்போதே அது சிவப்பு. அடுத்த சனிக்கிழமைக்கும் அப்படியே. மூன்றாவதற்கும் அப்படியே.

எங்கோ ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் அந்தத் தளத்தைக் கவனித்தேன். விஷயம் இவ்வளவுதான். வந்து சேரும் நாளுக்குத்தான் முப்பது நாள் கணக்கு. சேர்ந்த பிறகு தொடர்ந்து ஐந்து இரவு வரை தங்கலாம். ஆகவே சனிக்கிழமை வேண்டியவர்கள் செவ்வாய்க்கிழமை வருவதாகப் பதிவு செய்கிறார்கள். ஐந்தாவது இரவு சனி. வரப்போவதில்லை என்று தெரிந்தே நான்கு இரவுகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கு முந்தின நாள் அவற்றை மட்டும் ரத்து செய்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் அபராதம் கிடையாது. சனிக்கிழமைக்கான பதிவு முறைப்படி திறக்கும்போது அங்கே விற்க ஒன்றும் இருப்பதில்லை.

பூங்கா அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். என் தொழிலில் எழுதுவது போலவே எழுதினேன். படி ஒன்று, செவ்வாயைத் தேர்ந்தெடுக்கவும். படி இரண்டு, ஐந்து இரவு. இப்படி ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட், சிவப்பு வட்டம் போட்டு. கடைசியில் ஒரு குறிப்பும் சேர்த்தேன்: ஒன்றாம் எண்ணுக்கு 'சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் உடன் வருகிறார்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும், யார் போட்டாலும் தளம் எதுவும் கேட்பதில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஞாயிறு காலை அடையாறு பக்கம் நடந்துவிட்டு மயிலாப்பூரில் டிபன் சாப்பிடும் ஒரு குழுவில் நானும் இருந்தேன். நாற்பது பேர், பெரும்பாலும் கணினி வேலை, மாதத்துக்கு ஒரு தடவை மலை, காடு என்று போகிறவர்கள். நிறையப் பேர் புகார் கொடுத்தால்தானே காதில் விழும் என்று அந்தப் புகாரைக் குழுவின் வாட்ஸாப்பில் போட்டேன். பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்காவிலிருந்து 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துக் குழுவில் படங்கள் வந்தன. மலை, பனி, தேநீர்க் கோப்பை. நான்காவது படத்தில் அந்தச் சாய்தளம். அதன்மேல் சக்கரம் வைத்த பெரிய ஐஸ் பெட்டி ஒன்றை இரண்டு பேர் சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போகிறார்கள். கீழே ஒரு குறிப்பு: 'ரேம்ப் இருக்கறது எவ்ளோ வசதி!'

அந்த ஞாயிறு மாடவீதிப் பக்கம் ஒரு மெஸ் வாசலில், கையில் பொங்கல் தட்டோடு நின்ற குழுத் தலைவரைப் பிடித்தேன். வேளச்சேரிக்காரர், நாற்பது வயதிருக்கும். எல்லாரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள்.

"கேப்டன், அந்த டென்ட் எப்படிக் கெடச்சுது?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? நீ போட்டதுதான! ஆறே ஸ்டெப்பு. எங்க ஆபீஸ்ல கூட இப்படி ஒரு டாக்குமென்ட் நான் பாத்ததில்ல."

"அது புகார்."

"புகாரோ என்னவோ, கிளியரா இருந்துச்சு மச்சி," என்று பக்கத்தில் வடையோடு நின்றவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

"சக்கர நாற்காலின்னு டிக் போட்டீங்களே, யாரு அது?"

"எங்க மாமியாருக்கு முட்டி வலிம்மா."

"மாமியார் வந்தாங்களா?"

"வலி இருக்கறவங்க எப்படி வருவாங்க?" என்றான் வடைக்காரன். மறுபடி சிரிப்பு.

என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். மூன்று முறை முயன்றதைச் சொன்னேன். குரல் உயரவில்லை. சிரிப்பு நின்றது. கேப்டன் தட்டைக் கீழே வைத்துவிட்டு உண்மையான கனிவோடு சொன்னார்:

"அடடா, மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நாங்களே ஒண்ணு புடிச்சுக் குடுத்திருப்போமே. அடுத்த தடவ அக்காவுக்கு ஒரு சனிக்கெழம நம்ம குரூப் சார்பா. ஓகேவா?"

அந்த மனிதர் மோசமானவர் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவுக்காகவே கட்டப்பட்ட ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதையே அவளுக்குப் பரிசாக நீட்டுகிறார். நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்கிறார். மற்றவர்களும் என்னையே பார்த்தார்கள், பிரச்சினை தீர்ந்துவிட்ட முகத்தோடு. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். டிபன்கூடச் சாப்பிடவில்லை. குளத்தைச் சுற்றி வந்து பேருந்து ஏறும்வரை, சொல்லியிருக்க வேண்டிய பதில்களை எண் போட்டு அடுக்கிக்கொண்டே போனேன். பதினொன்று தேறியது.

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். புகாரை ஊருக்கே பாடமாக நடத்தியது நான்தான் என்பதையும் சேர்த்து. அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ தெளிவாவா எழுதின?"

"ஆமா."

"என் பசங்களுக்கு ஒரு கைடு எழுதிக் குடேன்," என்றாள். பிறகு பேனாவை மூடினாள். "சரி, கணக்கு சொல்லு. செவ்வாயில ஆரம்பிச்சா சனி வரும். திங்கள்ல ஆரம்பிச்சா?"

"வெள்ளியோட முடிஞ்சுடும். சனி எட்டாது. அதனால திங்களை எவனும் தொடறதில்ல."

"திங்கள் பதிவு செவ்வாய்க்கு முந்தின நாள் தெறக்குமே?"

"ஆமா."

"அப்ப அஞ்சு ராத்திரி போவோம். நெஜமாவே போவோம்."

"டியூஷன்?"

"ஏழு வருஷத்துல ஒரு நாள் லீவு விட்டிருக்கேனா? பசங்க பட்டாசு வெடிப்பானுங்க."

ஒரு மாதம் முன்கூட்டியே எல்லாப் பெற்றோருக்கும் அவளே செய்தி அனுப்பினாள். நான் விடுப்புக்கு எழுதினேன். பதிவு நாளில் காபி குடித்துவிட்டு எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் தளத்தைத் திறந்தேன். ஒன்றாம் எண் பச்சையாக இருந்தது. போட்டிக்கு ஒருவரும் இல்லை. சக்கர நாற்காலிக் கட்டத்தில் டிக் போட்டேன். அதை நிஜமாக நிரப்பும் முதல் ஆள் நானாக இருப்பேனோ என்று தோன்றியது.

திங்கள் மதியம் போய்ச் சேர்ந்தோம். அக்கா சாய்தளத்தின் அடியில் நின்று ஒரு முறை அளவெடுத்துப் பார்த்தாள். பிறகு யாரும் தள்ளாமல், நிற்காமல், மேலே போனாள். போய்த் திரும்பி மறுபடி கீழே வந்தாள். மறுபடி ஏறினாள். நான் பைகளோடு நின்றுகொண்டிருந்தேன்.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. மற்ற ஐந்து கூடாரங்களும் ஜிப் இழுத்து மூடியபடியே இருந்தன. ஆறாம் எண் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்த காவலாளியிடம் கேட்டேன்.

"திங்கக்கெழம வரைக்கும் லிஸ்ட்ல ஃபுல்லுதான்மா. வாரா வாரம் இதே கததான். ஜனங்க போன் பண்ணிக் கேப்பாங்க, எடமே இல்லன்னு சொல்லுவேன். செவ்வாக்கெழம பாத்தா ஈ காக்கா இருக்காது."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னா, சிஸ்டத்துல ஃபுல்லுன்னுதான காட்டுது, உனக்கென்னன்றாங்க."

மூடிய கூடாரங்களை எண்ணினேன். நான்கு இரவுகளால் பெருக்கினேன். ஒரே வாரத்தில் இருபது இரவுகள். இடமில்லை என்று சொல்லி யார் யாரைத் திருப்பி அனுப்பினார்களோ. கோபம் அங்கேயும் குறையவில்லை. அக்காவோ கூடாரத் திரையை முழுக்கத் திறந்து போட்டு, பகலிலும் தூங்கினாள்.

சனிக்கிழமை நாங்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது கார்கள் வந்தன. முதல் காரிலிருந்து இறங்கியவர் கேப்டன். இந்த முறை இரண்டாம் எண்தான் கிடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"நீயா! ஒண்ணாம் நம்பர் செவ்வாக்கெழமைக்கு மாட்டவே இல்லையே, நீதான் புடிச்சியா? எப்படிம்மா?"

"திங்கக்கெழமையே வந்துட்டோம் சார்," என்றாள் அக்கா சாய்தளத்தின் மேலிருந்து.

அவர் அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். காரின் பின்பக்கம் போனார். வடைக்காரனும் அவரும் ஐஸ் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மூச்சு வாங்க, இரண்டாம் எண்ணை நோக்கித் தள்ளாடினார்கள்.

"பாத்து சார்," என்று அக்கா குரல் கொடுத்தாள். "அஞ்சு படி இருக்கு."